குடியும் போதையும்: "நண்பருக்காக" கேட்கப்பட்ட கேள்விகள்

நான் 30 ஆண்டுகளுக்கும் மேல் தாதியாக வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். மாதத்தில் ஒரு ஞாயிறு, கோயில் அன்னதான வரிசைக்குப் பக்கத்தில் மேசை போட்டு, வருகிறவர்களுக்கு இரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்க்கிறோம். கையில் பட்டையைச் சுற்றிக் காற்றடிக்கும் அந்த ஒரு நிமிடத்தில்தான் பலர் வாய் திறக்கிறார்கள். "சிஸ்டர், ஒரு நண்பருக்காகக் கேட்கிறேன்" என்று தொடங்கும் பேச்சு அது. அந்த நண்பருக்கு எத்தனை வயது, எங்கே வேலை என்று நான் கேட்பதில்லை.

வருடக்கணக்காக அதே கேள்விகள் திரும்பத் திரும்ப வருவதால் அவற்றை இங்கே எழுதி வைத்திருக்கிறேன். நான் மருத்துவர் அல்லள், வழக்கறிஞரும் அல்லள். மருந்தின் அளவு பற்றியோ வழக்கு பற்றியோ முடிவெடுக்க வேண்டுமென்றால் அதற்குரியவர்களிடம்தான் போக வேண்டும்.

பீர் எல்லாம் ஒரு குடியா? விஸ்கிதானே ஆபத்து?

புட்டியில் ஒட்டியிருக்கும் பெயரை உடம்பு படிப்பதில்லை. எத்தனால் என்ற மதுச்சாரம் எத்தனை கிராம் உள்ளே வந்தது என்பது ஒன்றுதான் அதற்குக் கணக்கு. சிங்கப்பூரில் 10 கிராம் எத்தனாலை ஓர் அளவு என்று வைத்திருக்கிறார்கள். சாதாரண 5 விழுக்காட்டு பீரில் 220 மில்லிலிட்டர், வைனில் 100 மில்லிலிட்டர், விஸ்கியிலோ பிராந்தியிலோ 30 மில்லிலிட்டர் ஓர் அளவு ஆகும்.

இனி நம் காப்பிக்கடைக்கு வருவோம். மேசைக்கு வரும் பெரிய பீர் பாட்டில் ஏறக்குறைய இரண்டரை அளவு. 8 விழுக்காடு என்று அச்சிட்ட 500 மில்லிலிட்டர் டின் ஒன்று மூன்று அளவைத் தாண்டுகிறது. 180 மில்லிலிட்டர் குவார்ட்டர் ஆறு அளவு. "நான் குவார்ட்டரைத் தொடுவதே இல்லை, இரண்டு டின்னோடு சரி" என்று ஒருவர் என்னிடம் பெருமையாகச் சொன்னார். அந்த இரண்டு டின்னும் சேர்ந்தால் ஒரு குவார்ட்டர்தான். காகிதத்தில் போட்டுக் காட்டினேன். காகிதத்தை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு போனார்.

சரி, ஒரு நாளைக்கு எவ்வளவு குடித்தால் ஒன்றும் ஆகாது?

ஒன்றும் ஆகாது என்று எழுதிக் கொடுக்கக்கூடிய அளவு எதுவும் இல்லை. உலகச் சுகாதார நிறுவனம் 2023 ஜனவரியில் இதை வெளிப்படையாகவே சொன்னது. மதுவைப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் முதல் பிரிவில் 1988-இலேயே சேர்த்துவிட்டார்கள். புகையிலையும் அதே பிரிவில்தான் இருக்கிறது. வாய், தொண்டை, உணவுக்குழாய், ஈரல், பெருங்குடல், பெண்களுக்கு மார்பகம் ஆகிய இடங்களில் ஆபத்து கூடுகிறது. புகையும் சேர்ந்தால் வாய்க்கும் தொண்டைக்கும் இரட்டைக் கேடு.

குடித்தே தீருவேன் என்பவர்களுக்கு இங்குள்ள சுகாதார ஆலோசனை, ஆண்களுக்கு நாளுக்கு இரண்டு அளவுக்கு மிகாமல், பெண்களுக்கு ஒன்றுக்கு மிகாமல் என்பது. கர்ப்பிணிகளுக்கு அறவே கூடாது. ஏழு நாள் பங்கையும் சேமித்துச் சனிக்கிழமை ஒரே மூச்சில் குடிக்கலாமா என்று ஒருவர் கேட்டார். சேமிப்புக் கணக்கு வங்கியில்தான் செல்லும்.

என் கணவர் தினமும் குடிப்பதில்லை, சனிக்கிழமை மட்டும்தான். அதையும் குடிநோய் என்று சொல்வீர்களா?

உடனே அப்படிச் சொல்லிவிட மாட்டேன். ஆனால் ஒரே அமர்வில் ஆண் ஐந்து அளவு, பெண் நான்கு அளவு தொட்டாலே அது அதீதக் குடி. இரண்டு பெரிய பாட்டிலில் அந்த எல்லை வந்துவிடும். இதயத் துடிப்பு தாறுமாறாவது, கணையம் வீங்குவது, படியில் விழுவது, வாய்த்தகராறு கைகலப்பாவது எல்லாம் இந்தச் சனிக்கிழமைக்காரர்களுக்கும் நடப்பவை.

குடி பழக்கமாக இருக்கிறதா, பிடியாக மாறிவிட்டதா என்று பார்க்க மருத்துவர்கள் நெடுங்காலமாகக் கேட்கும் நான்கு கேள்விகள் இருக்கின்றன. குறைக்க வேண்டும் என்று எப்போதாவது நினைத்ததுண்டா? யாராவது அதைப் பற்றிப் பேசினால் எரிச்சல் வருகிறதா? குடித்ததற்காகக் குற்றவுணர்வு வந்ததுண்டா? காலையில் எழுந்ததும் நடுக்கம் தீர ஒரு வாய் தேவைப்பட்டதுண்டா? இரண்டுக்கு "ஆம்" என்றால் மருத்துவரைப் பார்க்கும் நேரம் வந்துவிட்டது. நான்காவது ஒன்றுக்கு மட்டும் "ஆம்" என்றாலும் தள்ளிப்போட வேண்டாம்.

மாலை போட்டால் 48 நாள் ஒரு சொட்டுத் தொடமாட்டார். அப்படியென்றால் அடிமை இல்லைதானே?

நம் வீடுகளில் மிக அதிகமாகக் கேட்கும் வாதம் இது. 48 நாள் இருக்க முடிகிறது என்றால் அது நல்ல செய்திதான், அவரிடம் பிடிமானம் இருக்கிறது என்று அர்த்தம். ஆனால் மாலையைக் கழற்றிய அன்று மாலையே அவர் எங்கே இருக்கிறார் என்று பாருங்கள். விரத நாள்களை எண்ணிக்கொண்டே இருந்தாரா, 49-ஆம் நாளுக்கு முன்கூட்டியே பாட்டில் வாங்கி வைத்தாரா என்பதும் கேள்வி. நிறுத்த முடிவது ஒரு திறமை, நிறுத்தியதில் நிலைப்பது வேறு திறமை. குடிநோய் பெரும்பாலும் இரண்டாவதில்தான் மாட்டிக்கொள்கிறது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். விரத நாள்களில் உடம்பின் தாங்கும் சக்தி குறைந்துவிடும். பழைய நினைப்பில் பழைய அளவையே முதல் நாள் குடித்தால், அதே அளவு இப்போது அவரைச் சாய்த்துவிடும். விரதம் முடிந்த இரவில் அவசரப் பிரிவுக்கு வந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

நாளையிலிருந்து ஒரேயடியாக நிறுத்திவிடுகிறேன் என்கிறார். தடுக்கவா முடியும், நல்லதுதானே?

இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் படிப்பீர்கள் என்றால் இதைப் படியுங்கள். வாரக்கடைசியில் மட்டும் குடிப்பவர் திடீரென்று நிறுத்தினால் பெரிதாக ஒன்றும் வராது. தினமும், அதிகமாக, பல மாதம் பல வருடம் குடித்தவர் மருத்துவரைக் கேட்காமல் ஒரேயடியாக நிறுத்துவது உயிருக்கே ஆபத்து. மது மூளையை அமுக்கி வைக்கும். அந்த அமுக்கத்துக்கு எதிராக மூளை எந்நேரமும் வேகத்தைக் கூட்டியே ஓடப் பழகிவிடும். திடீரென்று அமுக்கத்தை எடுத்தால் வேகம் மட்டும் மிஞ்சும்.

கடைசியாகக் குடித்ததிலிருந்து 6 முதல் 12 மணி நேரத்தில் கை நடுக்கம், வியர்வை, படபடப்பு, வாந்தி. இரண்டு நாளுக்குள் வலிப்பு வரலாம். இரண்டு மூன்று நாள் கழித்துச் சிலருக்குக் காய்ச்சலோடு மனக்குழப்பமும் இல்லாததைப் பார்ப்பதும் தொடங்கும். மருத்துவத்தில் இதற்கு டெலிரியம் ட்ரெமன்ஸ் என்று பெயர். மருத்துவமனையில் இதற்கெல்லாம் மருந்து இருக்கிறது. டயசிபாம் போன்ற மாத்திரைகளைக் கொடுத்து நாளுக்கு நாள் குறைப்பார்கள். மூளையைக் காக்கத் தயமின் எனப்படும் பி1 வைட்டமினும் போடுவார்கள். அந்த மாத்திரையை வீட்டில் நீங்களாகக் கொடுக்கக்கூடாது.

என் சொந்த அண்ணன் தைப்பூசக் காவடிக்காக விரதம் தொடங்கினார். இருபது வருடம் தினமும் குடித்தவர். மூன்றாம் நாள் இரவு சுவர் முழுக்க எறும்பு ஊர்கிறது என்று கையால் தட்டினார், உடம்பு நடுங்கியது. சாமி வந்துவிட்டது என்றார் அண்ணி. அம்மா விபூதி எடுத்து வந்தார். நானோ தாதி. விரதக் களைப்பாக இருக்கும் என்று நானும் அரை மணி நேரம் நின்று பார்த்தேன். வலிப்பு வந்த பிறகுதான் ஆம்புலன்சுக்கு 995-ஐ அழைத்தேன். பிழைத்தார். அந்த அரை மணி நேரத்துக்கு இன்றுவரை என்னிடம் பதில் இல்லை.

எனவே விரதம் இருக்க நினைப்பவர், தொடங்கும் நாளுக்குச் சில வாரம் முன்பே மருத்துவரிடம் "தினமும் இவ்வளவு குடிக்கிறேன், நிறுத்தப் போகிறேன்" என்று உண்மையான கணக்கைச் சொல்லட்டும். முருகன் கோபித்துக்கொள்ள மாட்டார்.

ஈரல் கெட்டுவிட்டதா என்று எப்படித் தெரியும்? இரத்தப் பரிசோதனை சரியாக இருந்தால் தொடரலாமா?

ஈரல் வாய் பேசாத உறுப்பு. முதலில் கொழுப்பு படியும். அது வலிக்காது. பிறகு அழற்சி, கடைசியில் தழும்பேறிச் சுருங்குவது. கொழுப்பு நிலையில் குடியை நிறுத்தினால் சில வாரங்களிலேயே பெருமளவு சரியாகும். சுருங்கிய ஈரல் பழையபடி ஆகாது. ஆனால் அந்த நிலையிலும் நிறுத்தியவர் நிறுத்தாதவரைவிட அதிக நாள் வாழ்கிறார்.

பரிசோதனைத் தாளை நம்பித் தொடர வேண்டாம். ஈரல் நன்றாகக் கெட்ட பிறகும் எண்கள் ஒழுங்காக வரும் நோயாளிகள் உண்டு. கண் மஞ்சளாவது, வயிறு நீர் கோத்து உப்புவது, கால் வீக்கம், கறுப்பு மலம், இரத்த வாந்தி எல்லாம் மிகவும் தாமதமான செய்திகள். கடைசி இரண்டுக்கும் மருந்தகம் வேண்டாம், நேராக அவசரப் பிரிவு.

சர்க்கரை மாத்திரை சாப்பிடுகிறேன். குடிக்கும் நாளில் மாத்திரையை மட்டும் விட்டுவிடுகிறேன், சரிதானே?

நம்மவர்களில் நீரிழிவு அதிகம். அதனால் இந்தக் கேள்வி மேசைக்கு வராத ஞாயிறு இல்லை. மாத்திரையை விட்டால் சர்க்கரை ஏறும். விடாமல் வெறும் வயிற்றில் குடித்தாலோ, இன்சுலினோ கிளிபிசைடு, கிளிக்லசைடு போன்ற மாத்திரைகளோ எடுப்பவர்களுக்குச் சர்க்கரை பாதாளத்துக்கு இறங்கலாம். ஈரல் மதுவைச் சுத்தம் செய்வதில் மூழ்கியிருக்கும்போது சர்க்கரையை வெளியே விடும் வேலையைத் தள்ளிவைத்துவிடும். மெட்ஃபார்மின் எடுப்பவர் அளவுமீறிக் குடித்தால் இரத்தத்தில் அமிலம் கூடும் ஆபத்து தனி.

இதில் கொடுமை, சர்க்கரை இறங்கியவரும் உளறுவார், தள்ளாடுவார். வாயில் மது வாடை வேறு. "போதையில் தூங்குகிறான், விடு" என்று போர்வை போர்த்திவிட்டுப் போவார்கள். விடாதீர்கள், விரலில் குத்திச் சர்க்கரையைப் பாருங்கள். மறுநாள் தலைவலிக்குப் பனடாலை அள்ளிப் போடுவதும் வேண்டாம். தினமும் குடிப்பவரின் ஈரலுக்குப் பாராசிட்டமால் கூடுதல் பாரம்.

குடியை நிறுத்த ஒரு மாத்திரை இருக்கிறதாமே. அவருக்குத் தெரியாமல் காப்பியில் கலந்து கொடுத்தால் என்ன?

செய்யாதீர்கள். ஊரிலிருந்து "பொடி" வரவழைத்துச் சாம்பாரில் கலக்கும் பழக்கம் நம்மில் பலருக்கு இருக்கிறது. அந்தப் பொடியில் டைசல்ஃபிராம் என்ற மாத்திரை இருக்கலாம். அதை எடுத்தவர் மது குடித்தால் முகம் சிவந்து, நெஞ்சு அடித்துக்கொண்டு, வாந்தி எடுத்து, இரத்த அழுத்தம் விழும். இதய நோயாளி செத்தும் போகலாம். கடைசி மாத்திரைக்கு இரண்டு வாரம் கழித்தும் இந்த விளைவு வரலாம். தெரிந்தே எடுப்பவர் அந்தப் பயத்தால் குடிக்காமல் இருப்பார், மருந்து வேலை செய்வதே அப்படித்தான். தெரியாமல் உண்பவருக்குப் பயம் எப்படி வரும்? குடிப்பார், விழுவார். பிறகு மனைவி கையால் ஒரு வாய் சோறு சாப்பிடமாட்டார்.

நேர்வழியில் மருந்துகள் உண்டு. நால்ட்ரெக்சோன் குடியில் கிடைக்கும் இன்பத்தை மங்கச் செய்கிறது. அகாம்ப்ரோசேட் நிறுத்திய பிறகு வரும் ஏக்கத்தைத் தணிக்கிறது. மூன்றையும் மருத்துவர் ஈரலையும் சிறுநீரகத்தையும் பார்த்துவிட்டுத்தான் எழுதுவார்.

எங்கே போவது? வேலை இடத்துக்குத் தெரிந்துவிடுமா?

முதல் படி உங்கள் வழக்கமான மருந்தகம் அல்லது பலதுறை மருந்தகம் (பாலிகிளினிக்). பலதுறை மருந்தகம் வழியாகச் சிறப்பு மருத்துவரிடம் அனுப்பப்படும் குடிமக்களுக்குக் கட்டணச் சலுகை உண்டு. நேராகவும் போகலாம். புவாங்கோக்கில் இருக்கும் மனநலக் கழகத்தில் போதைப்பழக்கத்துக்கான தேசியச் சிகிச்சைப் பிரிவு இயங்குகிறது, சுருக்கமாக நாம்ஸ் என்பார்கள். எல்லாப் போதைப் பழக்கங்களுக்குமான அதன் உதவி எண் 6732 6837. மனம் தளர்ந்த நேரத்தில் பேச 1771 இருக்கிறது. ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் கூட்டங்களும் இங்கே நடக்கின்றன. கட்டணம் இல்லை, பெயர் கேட்கமாட்டார்கள்.

"மனநலக் கழகமா, பைத்தியம் என்று சொல்லிவிடுவார்களே" என்று தயங்குகிறார்கள். இத்தனை நாள் காப்பிக்கடையில் என்ன பெயர் வாங்கியிருக்கிறார் என்று யோசித்துப் பாருங்கள். 18 வயதுக்கு மேற்பட்டவர் மது குடிப்பது இங்கே குற்றமில்லை. குடிநோய்க்குச் சிகிச்சை எடுப்பதும் குற்றமில்லை. முதலாளியிடம் சொல்லும் கடமை மருத்துவருக்கு இல்லை. போதைப்பொருள் விஷயம் அப்படியல்ல, அதைக் கீழே சொல்கிறேன்.

வேலை அனுமதியில் இருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை தேக்காவில் நண்பர்களோடு புல்வெளியில் உட்கார்ந்து குடிப்பது தப்பா?

தப்பு. தேக்கா இருக்கும் லிட்டில் இந்தியாவில் 2013 டிசம்பர் 8 இரவு நடந்த கலவரத்துக்குப் பிறகு வந்த மதுக் கட்டுப்பாட்டுச் சட்டம் 2015 ஏப்ரல் 1 முதல் நடப்பில் இருக்கிறது. தீவு முழுவதும் இரவு 10.30 முதல் காலை 7 மணி வரை பொது இடத்தில் குடிக்கக்கூடாது, கடையில் பார்சலாக வாங்கவும் முடியாது. லிட்டில் இந்தியாவும் கேலாங்கும் தனிக் கட்டுப்பாட்டு வட்டாரங்கள். லிட்டில் இந்தியாவில் சனிக்கிழமை காலை 7 மணியிலிருந்து திங்கள் காலை 7 மணி வரை பொது இடத்தில் குடிக்கவே கூடாது. புளோக்கின் கீழ்த்தளம், பேருந்து நிறுத்தம், புல்வெளி எல்லாம் பொது இடம்தான். உரிமம் பெற்ற உணவகத்தில் உட்கார்ந்து குடிப்பது வேறு.

ஆறு நாள் வெயிலில் உழைத்து, ஊருக்குப் பணம் அனுப்பிவிட்டு, ஏழாம் நாள் உட்கார ஓர் இடமில்லாதவர் குடிக்கிறார் என்பது எனக்குப் புரிகிறது. அதற்காகச் சட்டம் இல்லாததுபோல எழுத முடியாது. பேச ஆள் வேண்டுமென்றால், வெளிநாட்டு ஊழியர்களுக்காகவே இயங்கும் ஹெல்த்சர்வ் போன்ற அமைப்புகளில் மனநல ஆலோசனையும் கிடைக்கிறது.

ராத்திரி குடித்தேன், நன்றாகத் தூங்கி எழுந்துவிட்டேன். காலையில் லாரி ஓட்டலாம்தானே?

ஈரல் ஏறக்குறைய ஒரு மணி நேரத்துக்கு ஓர் அளவைத்தான் தீர்க்கும். கறுப்புக் காப்பி, மோர், குளிர்ந்த நீர்க் குளியல் எதுவும் அதை அவசரப்படுத்தாது. முதல் பதிலில் சொன்ன கணக்கை எடுத்துக்கொள்ளுங்கள்: ஒரு குவார்ட்டரும் ஒரு பெரிய பீரும் எட்டரை அளவு. இரவு 12 மணிக்கு முடித்தவர் உடம்பில் காலை 6 மணிக்கும் மது இருக்கும். சட்டத்தின் எல்லை, மூச்சில் 100 மில்லிலிட்டருக்கு 35 மைக்ரோகிராம், இரத்தத்தில் 100 மில்லிலிட்டருக்கு 80 மில்லிகிராம். அந்த எண்ணுக்குக் கீழே இருந்தாலும் கை தடுமாறும். லாரியின் பின்னால் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று உங்களுக்கே தெரியும்.

போதைப்பொருள் பழக்கத்துக்கும் அதே மருத்துவரிடம் போகலாமா? போலீசில் சொல்லிவிடுவார்களா?

பூசி மெழுகாமல் சொல்கிறேன். ஒருவர் போதைப்பொருளுக்கு அடிமை என்று கருதும் அல்லது சந்தேகிக்கும் மருத்துவர், ஏழு நாளுக்குள் அதை அதிகாரிகளுக்குத் தெரிவிக்க வேண்டும் என்பது இங்குள்ள விதி. 1971-இல் தொடங்கிய மத்திய போதைப்பொருள் ஒழிப்புப் பிரிவுக்கும் தகவல் போகும். இது தெரியாமல் போய்விட்டு, பிறகு மருத்துவர் துரோகம் செய்துவிட்டார் என்று அழுதவர்களை எனக்குத் தெரியும்.

இருந்தாலும் போகச் சொல்வேன். பிடிபட்டுப் போவதும் தானாக முன்வந்து போவதும் ஒன்றல்ல, முதன்முறையாகத் தாமே முன்வருபவரை வேறு விதமாகவே நடத்துகிறார்கள். 2019 சட்டத் திருத்தத்துக்குப் பிறகு, வேறு குற்றம் இல்லாமல் புழங்கியது மட்டும் என்றால், மறுபடி பிடிபட்டவரையும் நீண்ட சிறைக்குப் பதிலாகப் போதை மறுவாழ்வு நிலையத்துக்கே பெரும்பாலும் அனுப்புகிறார்கள். அங்கே நான்கு ஆண்டு வரை வைத்திருக்கலாம். பயமாக இருந்தால் முதலில் ஒரு வழக்கறிஞரிடம் பேசிவிட்டுப் போங்கள்.

பேங்காக்கில் கஞ்சா சட்டபூர்வம்தானே? அங்கே இழுத்துவிட்டு வந்தால் இங்கே யாருக்குத் தெரியும்?

தாய்லாந்து 2022 ஜூனில் கஞ்சாவைத் தடைப் பட்டியலிலிருந்து எடுத்தது, 2025-இல் மருத்துவர் சீட்டு வேண்டும் என்று மறுபடி இறுக்கியது. அது தாய்லாந்தின் கதை. சிங்கப்பூர்க் குடிமக்களும் நிரந்தரவாசிகளும் உலகின் எந்த மூலையில் போதைப்பொருள் புழங்கினாலும் இங்கே புழங்கியதாகவே சட்டம் எடுத்துக்கொள்ளும். சாங்கி விமான நிலையத்திலும் உட்லண்ட்ஸ் சோதனைச் சாவடியிலும் சிறுநீர்ப் பரிசோதனை செய்யலாம். முடியில் தடயம் மாதக்கணக்கில் நிற்கும்.

கஞ்சா மூலிகைதானே? சாமியார்களே இழுக்கிறார்களே?

எட்டியும் மூலிகைதான். இளம் வயதில் தொடங்கி அடிக்கடி இழுப்பவர்களுக்குக் காதில் குரல் கேட்பது, யாரோ துரத்துகிறார்கள் என்ற சந்தேகம் போன்ற மனச்சிதைவு அறிகுறிகள் வரும் ஆபத்து கூடுகிறது. குடும்பத்தில் ஏற்கெனவே அந்த நோய் இருந்தால் இன்னும் அதிகம். மூளை இருபதுகளின் நடுப்பகுதிவரை வளர்ந்துகொண்டே இருக்கிறது என்பதால், 16 வயதில் இழுப்பதும் 40 வயதில் இழுப்பதும் ஒன்றல்ல.

ஊரிலிருந்து வரும்போது கசகசா கொண்டுவந்தால் பிடிப்பார்களாமே, உண்மையா?

உண்மைதான். குருமாவுக்கு அரைக்கும் அதே கசகசாதான். அபினிச் செடியின் விதை என்பதால் மார்ஃபின் தடயம் இருக்கலாம் என்று இங்கே தடைசெய்யப்பட்ட பொருளாக வைத்திருக்கிறார்கள். மாமியார் கட்டிக்கொடுத்தது என்ற காரணம் செல்லாது. முந்திரி போதும், குருமாவும் கெட்டுப்போகாது.

இதைவிடப் பெரிய விஷயம் தெரிந்தவர் கொடுத்தனுப்பும் பொட்டலம். உங்கள் பையில் போதைப்பொருள் இருந்தால், அது என்ன என்று உங்களுக்குத் தெரியும் என்றே சட்டம் அனுமானிக்கும். தெரியாது என்று மெய்ப்பிக்கும் பாரம் உங்கள் தலையில். 15 கிராமுக்கு மேல் தூய ஹெராயின், 250 கிராமுக்கு மேல் ஐஸ் எனப்படும் மெத்தம்ஃபெட்டமின், 500 கிராமுக்கு மேல் கஞ்சா கடத்தினால் மரண தண்டனை விதிக்கப்படலாம். யாருடைய பொட்டலத்தையும் பார்க்காமல் வாங்காதீர்கள். அண்ணன் தம்பி என்றாலும் பிரித்துப் பார்த்துவிட்டு வாங்குங்கள்.

ஹான்ஸ், கைனி எல்லாம் புகையே இல்லையே, அதற்கும் தடையா?

2016 ஆகஸ்ட் 1 முதல் மெல்லும் புகையிலை, குட்கா, கைனி, ஜர்தா எல்லாம் தடை. புகை இல்லாவிட்டாலும் நிக்கோட்டின் இருக்கிறது, வாய்ப் புற்றுநோயும் வருகிறது. கன்னத்தின் உள்ளே ஆறாத புண்ணோ வெள்ளைத் திட்டோ மூன்று வாரத்துக்கு மேல் இருந்தால் பல் மருத்துவரிடம் காட்டுங்கள்.

மகன் பையில் மின்சிகரெட் இருந்தது. பழவாசனைதான் வருகிறது, நிக்கோட்டின்கூட இல்லை என்கிறான். நம்பலாமா?

உள்ளே இருப்பது என்ன என்று அவனுக்கே தெரியாது. மின்சிகரெட் வைத்திருப்பதும் புகைப்பதும் 2018 பிப்ரவரி முதல் இங்கே குற்றம். அண்மையில் வந்த கேபாட் என்ற மின்சிகரெட் குப்பியில் எடோமிடேட் கலந்திருக்கும். அது அறுவைச் சிகிச்சைக்கு முன் நோயாளியை மயக்க மருத்துவமனையில் ஊசியாகப் போடும் மருந்து. இழுத்தவர் நடைப்பிணம்போலத் தள்ளாடுவார், கை கால் வெட்டி இழுக்கும், நினைவு தப்பும். 2025 செப்டம்பர் 1 முதல் அதை 'சி' வகுப்புப் போதைப்பொருளாகச் சேர்த்துவிட்டார்கள்.

அறையைச் சல்லடை போட்டுத் தேடுவதற்கு முன், உட்கார்ந்து பேசுங்கள். யாரிடம் வாங்கினான் என்பது இரண்டாவது கேள்வி. இழுக்காத நாளில் உடம்பு என்ன செய்கிறது என்பதுதான் முதல் கேள்வி.

தூக்க மாத்திரையும் இருமல் மருந்தும் டாக்டர் கொடுத்ததுதானே, அதில் என்ன போதை?

அவர் கொடுத்தது உங்களுக்கு, அந்த அளவுக்கு, அத்தனை நாளுக்கு. கொடீன் கலந்த இருமல் மருந்து அபினி வகை. தூக்க மாத்திரைகளில் பல, நான் மேலே சொன்ன டயசிபாமின் உறவினர்கள். அவற்றையும் திடீரென நிறுத்தினால் வலிப்பு வரலாம். மதுவோடு சேர்த்தால் மூச்சு நின்றுபோகலாம். 2006 ஆகஸ்டுக்கு முன் ஹெராயினை விடுவதற்கான சிகிச்சையாகவே இங்கே கொடுக்கப்பட்ட புப்ரநார்ஃபின், ஊசியில் ஏற்றித் தவறாகப் பயன்படுத்தப்பட்டதால் 'ஏ' வகுப்புப் போதைப்பொருளானது. மருந்து எப்போது போதையாகும் என்பதற்கு இதைவிட வேறு சாட்சி வேண்டாம்.

ஒருவர் மயங்கிக் கிடக்கிறார். தூங்கட்டும் என்று விடலாமா?

தோளைத் தட்டி, சத்தமாகக் கூப்பிட்டும் எழவில்லை என்றால், மூச்சு மெதுவாகவோ விட்டுவிட்டோ வந்தால், உதடு நீலமானால், உடனே 995. மல்லாக்கப் படுக்க வைக்காமல் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள், வாந்தி மூச்சுக்குழாயில் போகாது. வாயில் எலுமிச்சைச் சாறோ மோரோ ஊற்றாதீர்கள். தனியே விட்டுப் போகாதீர்கள். என்ன எடுத்தார் என்று தெரிந்தால் ஆம்புலன்ஸ் ஊழியரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். மறைக்கும் ஐந்து நிமிடத்தில் சிகிச்சை மாறிப்போகும்.

குடித்தால் அடிக்கிறார், குடிக்காதபோது தங்கமானவர். புகார் கொடுத்தால் அவர் வாழ்க்கை போய்விடாதா?

குடி கையைத் தூக்கவில்லை, அவர்தான் தூக்கினார். அவருடைய குடிக்குச் சிகிச்சையும் உங்களுடைய பாதுகாப்பும் இரு வேறு வேலைகள், ஒன்று முடியட்டும் என்று மற்றது காத்திருக்கக்கூடாது. மாதர் சாசனத்தின் கீழ் தனிநபர் பாதுகாப்பு ஆணை கேட்கலாம். குடும்ப வன்முறைக்கான 24 மணி நேர உதவி எண் 1800 777 0000. உடனடி ஆபத்து என்றால் போலீஸ், 999. நீங்கள் அழைப்பதால் அவர் வாழ்க்கை போகிறது என்று மாமியார் சொல்வார். அவருக்கும் இதே பக்கத்தைக் காட்டுங்கள்.

சிகிச்சை எடுத்தார், எட்டு மாதம் நன்றாக இருந்தார், மறுபடி ஆரம்பித்துவிட்டார். எல்லாம் வீண்தானா?

நீரிழிவு நோயாளி தீபாவளிக்கு லட்டு சாப்பிட்டுச் சர்க்கரை ஏறினால் சிகிச்சை வீண் என்போமா? எட்டு மாதம் ஈரல் ஆறியது, பிள்ளைகள் நிம்மதியாகத் தூங்கினார்கள். அதை யாரும் திருப்பி எடுக்க முடியாது. எதற்கு முன்னால் வழுக்கியது என்று தேடுங்கள்: சம்பள நாளா, சண்டையா, பழைய கூட்டாளியா, சாவு வீடா. அடுத்த முறை மருத்துவருக்கு அதுதான் பயன்படும்.

போதை மறுவாழ்வு நிலையத்திலிருந்து வெளியே வருபவருக்கு முதல் சில மாதங்கள் கடுமையானவை. 48 நாள் விரதக் கேள்வியில் சொன்ன தாங்கும் சக்திக் கணக்கு ஹெராயினில் உயிரையே எடுக்கும். இந்து அறக்கட்டளை வாரியத்தின் ஆசிரமம் போன்ற இடைவழி இல்லங்களும், முன்னாள் கைதிகளுக்கு மறுவாய்ப்புத் தர 2004-இல் தொடங்கிய மஞ்சள் நாடாத் திட்டமும் இந்தக் காலத்துக்காகத்தான் இருக்கின்றன. வீட்டார் செய்ய வேண்டிய பெரிய உதவி, பழைய கதையைத் தினமும் சாப்பாட்டு மேசையில் பரிமாறாமல் இருப்பது.

எல்லாம் சரி சிஸ்டர், நண்பர் வர மாட்டேன் என்கிறார். நான் என்ன செய்யட்டும்?

நண்பர் வர வேண்டியதில்லை, நீங்கள் வாருங்கள். ஒரு தாளில் நான்கு விஷயம் எழுதிக்கொண்டு வந்தால் போதும்: கடைசியாகக் குடித்தது எப்போது, ஒரு நாளில் எத்தனை புட்டி, காலையில் கை நடுங்குகிறதா, வேறு என்னென்ன மாத்திரை. பெயர் எழுத வேண்டாம். அளவுக் கணக்கை நான் போட்டுத் தருகிறேன், மருத்துவரிடம் அதையே காட்டலாம். வந்ததும் வந்தீர்கள், சட்டைக் கையை மடித்துவிட்டு உட்காருங்கள், உங்கள் அழுத்தத்தையும் பார்த்துவிடுவோம். 12 மணிக்கு மேசையை எடுத்துவிடுவோம், அதற்கு முன் வாருங்கள்.